ஒன்றாந்தேதியை விட்டு இறங்குபவர்கள்

வேலையை விடுவதற்கு முன்னால் ஆறு மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைத்துக்கொள் என்பார்கள். சென்னையிலோ பெங்களூரிலோ இருப்பவருக்கு இது ஓரளவு சரியான அறிவுரைதான். ஒரு கம்பெனியை விட்டவருக்கு ஆறு மாதத்துக்குள் இன்னொரு கம்பெனியில் இடம் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் போட்ட கணக்கு அது. தொண்டியிலோ பாம்பனிலோ வாலிநோக்கத்திலோ வீடு உள்ளவர், ஊரிலேயே ஏதாவது தொழில் பார்க்கலாம் என்று அதே ஆறு மாதத்தை நம்பி ராஜினாமா எழுதினால் கணக்கு உதைக்கும். மே மாதம் எழுதிக் கொடுத்தவருக்குக் கையிருப்பு தீர்வது கார்த்திகையில். அது வாடைக்காலம், வடகிழக்குக் காற்றில் கடல் தொழில் மந்தமாகும் நேரம். புதுத் தொழில் படுத்திருக்கும், கைமாற்றுக் கொடுக்கக்கூடிய பக்கத்து வீட்டிலும் அப்போது பணம் இருக்காது.

ராமநாதபுரம் மாவட்டத்தின் கடற்கரை சுமார் 237 கிலோமீட்டர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. மண்டபம், பாம்பன் பக்கத்து மீனவர்களுக்கு அவை வடகடல், தென்கடல். ஐப்பசியில் வாடை பிறந்தால் வடகடல் கொந்தளிக்கும். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் தென்கடல் முரடாக இருக்கும். சிறிய வள்ளம் வைத்திருப்பவர்கள் காற்றுக்குத் தக்கபடி கரை மாறித் தொழில் செய்வது இதனால்தான். விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். 2017க்கு முன்பு அது 45 நாளாக இருந்தது. தடை இல்லாத நாளிலும் ராமேஸ்வரத்தில் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள், மற்ற நாள் நாட்டுப்படகுக்கு என்று பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. கடலுக்குப் போய் வந்த பிறகும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு எல்லாம் கழித்து மிஞ்சுவதில்தான் பங்கு. மிஞ்சாத நாளும் வரும்.

ஆக, இந்தக் கரையில் சம்பாத்தியம் குறைவு என்று சொல்ல முடியாது. நல்ல இறால் பட்ட வாரத்தில் ஒரு எழுத்தரின் மாதச் சம்பளத்தைவிடக் கூடுதலாகவே கையில் பணம் புரளும். அது எப்போது வரும் என்பதுதான் யாருக்கும் தெரியாது. அரசுத் திட்டங்களே இந்த ஓட்டையை அடைக்கத்தான் ஏற்பட்டிருக்கின்றன. தொழில் நடக்கும் மாதங்களில் மீனவர் 1,500 ரூபாய் கட்டினால், அரசுகள் தங்கள் பங்கையும் சேர்த்து 4,500 ரூபாயாக மந்தமான மாதங்களில் திருப்பித் தரும் சேமிப்பு நிவாரணத் திட்டம் பல வருடமாக நடந்தது. தடைக்கால நிவாரணத்தை 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆக உயர்த்தும் அறிவிப்பு 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் வந்தது. இரண்டிலும் தொகையைவிட அது வரும் மாதம்தான் முக்கியம்.

இப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டுக்கு ஒன்றாந்தேதி பணம் வருகிறது என்றால் அதன் மதிப்பே வேறு. அண்ணன் கடலுக்குப் போவார், தம்பி துபாயில் இருப்பார், வீட்டில் ஒருவர் பள்ளிக்கூடத்திலோ மின்வாரியத்திலோ கூட்டுறவுச் சங்கத்திலோ மாதச் சம்பளம் வாங்குவார். பல வீடுகள் இப்படித்தான் நிற்கின்றன. சம்பளக்காரர் வாங்குகிற தொகை மற்ற இருவரும் நல்ல மாதத்தில் கொண்டுவருவதைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். ஆனால் மளிகைக் கடையில் பற்று எழுதுவது அவர் பெயரில். பள்ளிக் கட்டணம் கட்டுவது அவர் சம்பளத்தில். தடைக்காலத்தில் அடகு வைத்த நகைக்கு வட்டி கட்டி, நகை ஏலத்துக்குப் போகாமல் காப்பாற்றுவதும் அதே சம்பளம்தான்.

அப்புறம் ஜாமீன். வெளியூர்க்காரர்கள் இதைக் கவனிப்பதில்லை. சீட்டு எடுத்தாலும் கூட்டுறவில் கடன் கேட்டாலும் முதல் கேள்வி, "கவர்மென்ட் ஆள் யாராவது கையெழுத்துப் போடுவாங்களா?" என்பதுதான். படகு, வலை, எஞ்சின் என்று லட்சக்கணக்கில் சொத்து இருப்பவரின் கையெழுத்துக்கு இல்லாத மரியாதை, முப்பதாயிரம் சம்பளம் வாங்கும் இளநிலை உதவியாளரின் கையெழுத்துக்கு உண்டு. கொடுத்த கடன் திரும்பி வராவிட்டால் சம்பளத்தில் பிடிக்கலாம், படகைப் பிடிப்பது லேசில்லை. தெருவுக்கு ஒருவர் இப்படி நாலைந்து பேருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார். அவர் வேலையை விட்டால் மாற்று ஜாமீன் கேட்டு நோட்டீஸ் வரும் வாய்ப்பு உண்டு, தன் கடனுக்கு இல்லை, மாமன் மகன் எடுத்த சீட்டுக்கு. "வேலையை விடப் போறேன்" என்று ஒருவர் சொன்னதும் சொந்தபந்தம் முழுக்கத் திரண்டு வந்து புத்தி சொல்வதற்குப் பாசம் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

வேலையை விட நினைக்கும் இளைஞர்கள் பதிலுக்கு அப்துல் கலாமைத்தான் இழுக்கிறார்கள். ராமேஸ்வரத்தில் பிறந்து கனவு காணச் சொன்னவர் ஆயிற்றே. ஆனால் அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. சென்னை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் சேரப் பணம் இல்லாதபோது சகோதரி நகையை அடகு வைத்துத்தான் பணம் வந்தது. 1958இல் பாதுகாப்புத் துறையில் சேர்ந்தார், அங்கிருந்து விண்வெளிக்குப் போனார், 1982இல் மறுபடி பாதுகாப்பு ஆய்வுக்கு வந்தார். பெரிய பெரிய மாற்றங்கள்தான். ஆனால் நாற்பது வருடத்துக்கு மேல் சம்பளம் கொடுத்தது ஒரே அரசு. வேலையை விட்டதற்கு அவரைச் சாட்சிக்குக் கூப்பிடுவது சரிவராது.

சரி, விட்டுவிட்டு இங்கே என்ன செய்கிறார்கள்? அதிகம் பேசப்படுவது கடல்பாசி. மரிக்கொழுந்து, கட்டக்கோரை, கஞ்சிப்பாசி என்று தீவுகளைச் சுற்றிப் பாசி எடுப்பது பெண்களின் பழைய தொழில். 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் கடல்சார் தேசியப் பூங்காவான பிறகு அதற்குக் கெடுபிடி கூடியது. வளர்ப்பு வேறு விஷயம். மண்டபத்தில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் சோதித்துப் பார்த்து, ஒரு பெரிய கம்பெனி வழியாகக் கரைக்கு வந்து, ஊரில் 'பெப்சி பாசி' என்றே பெயர் விழுந்த காப்பாஃபைகஸ் இனம்தான் வளர்ப்பில் முக்கியம். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை. அதில் 20 கயிறு, கயிற்றுக்கு 20 இடத்தில் சுமார் 150 கிராம் விதைப்பாசித் துண்டு. மொத்தம் 60 கிலோ விதை. ஓரா மீன் மேய்ந்துவிடாமல் அடியில் வலை கட்டி மிதக்கவிட்டால் 45 நாளில் அறுவடை. நன்றாக வந்தால் ஒரு மிதவையில் 260 கிலோ வரை கிடைக்கும். அதில் 60 கிலோ மறுபடி விதைக்குப் போய்விடும். மிச்சம் 200 கிலோவை மணலில் படாமல் காயவைத்தால் சுமார் 20 கிலோ நிற்கும். காய்ந்த பாசி கிலோ 70 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு மிதவைக்கு 1,400 ரூபாய்.

இதில் எனக்குப் பிடித்தது மிதவைகளின் எண்ணிக்கை. ஒரு ஆளுக்கு 45 மிதவை என்பதுதான் ஆரம்பத்திலிருந்து சொல்லப்பட்ட கணக்கு. நாளுக்கு ஒரு மிதவையாக இறக்கிக்கொண்டே போனால், 46ஆம் நாளிலிருந்து தினம் ஒன்று அறுவடைக்கு வரும். 45 நாள் பயிரைத் தினக்கூலியாக மாற்றும் ஏற்பாடு. இதை வகுத்தவருக்கு இந்தக் கரையின் மனசு தெரிந்திருக்கிறது: மொத்தமாகக் கொடுப்பதைவிடத் தினம் கொடு.

ஆனால் கணக்கில் வராதவையும் உண்டு. வாடைக்காலத்தில் வடகடலில் மிதவை தாங்காது, மூங்கில் அடித்துக்கொண்டு போய்விடும், மழையில் பாசி காயாது. நடுவில் சில மாதம் நிறுத்தி வைத்து மறுபடி தொடங்கும்போது விதைப்பாசிக்கு அலைய வேண்டும். வெயில் கூடித் தண்ணீர் சூடேறினால் பாசி வெளுத்து அழுகும். 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் பெருமளவு செத்துப்போய், அதுவரை ஏறிக்கொண்டிருந்த உற்பத்தி சரிந்தது. வளர்க்கும் இடத்துக்கும் கட்டுப்பாடு இருக்கிறது. குருசடைத் தீவருகே இந்தப் பாசி பவளப்பாறை மேல் படர்ந்தது 2008இல் பதிவானது, அதிலிருந்து சூழலியலாளர்கள் இதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். திருவாடானை அருகே வலமாவூரில் 127 கோடி ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள கடல்பாசிப் பூங்காவுக்கு 2023இல் அடிக்கல் நாட்டினார்கள். அது முழுதாக இயங்கினால் விதைக்கும் விலைக்கும் கொஞ்சம் பிடிமானம் வரலாம். அதை நம்பி இன்றே எழுதிக் கொடுப்பது அவசரம்.

அடுத்தது சுற்றுலா. இதை ஒரே தொழிலாகப் பார்ப்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 1964 டிசம்பர் புயலில் அழிந்த தனுஷ்கோடிக்கு 2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறந்த பிறகு வேடிக்கை பார்க்க வருகிற கூட்டம் பெருகியது. பொரித்த மீன் கடை, வேன், படகுச் சவாரி, காற்றில் இழுத்துப் போகும் விளையாட்டுப் பலகை, வீட்டு மாடியில் இரண்டு அறை என்று பலரும் இறங்கினார்கள். தொண்டிப் பக்கம் காரங்காட்டில் வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள், ஊர்ப் பெண்கள் மீன் சமைத்துப் போடுகிறார்கள். இவையெல்லாம் கடலை நம்பிய சுற்றுலா. புயல் எச்சரிக்கை வந்தால் தனுஷ்கோடிச் சாலையை அடைத்துவிடுவார்கள், படகு கட்டிக் கிடக்கும். கோயிலை நம்பிய சுற்றுலாவின் நாட்காட்டி வேறு. ஆடி அமாவாசை, தை அமாவாசை, கார்த்திகை முதல் தை வரை மாலை போட்ட ஐயப்ப பக்தர்கள். கடல் தொழில் படுத்திருக்கும் அதே மாதங்களில் ராமேஸ்வரத்தில் அறை கிடைக்காது. மீன்பிடி வீட்டிலிருந்து ஒருவர் வேலையை விட்டு வருகிறார் என்றால், படகுச் சவாரியைவிட இரண்டு அறை வாடகைக்கு விடுவதுதான் புத்திசாலித்தனம் என்பேன். வருமானம் கூடும் என்பதால் சொல்லவில்லை, அண்ணனுக்குக் கை காயும்போது தம்பிக்குப் பணம் வரும் என்பதால் சொல்கிறேன்.

அதிலும் எதிர்பாராதது நடக்கும். 2020இல் கொரோனாவுக்குக் கோயிலும் தீர்த்தமும் மூடின. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரல் 6இல் புதுப் பாலம் திறக்கும்வரை இரண்டு வருடத்துக்கு மேல் தீவுக்குள் ரயில் இல்லை. 2022 நடுவில் வேலையை விட்டு ராமேஸ்வரம் ரயிலடிப் பக்கம் சாப்பாட்டுக் கடை போட்டவர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவர் திட்டத்தில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இறால் பண்ணையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். வெனாமி இறாலுக்கு 2009இல் அனுமதி கிடைத்த பிறகு நூறு, நூற்றிருபது நாளில் பணம் என்று நிறையப் பேர் போனார்கள். தீவனம் கடனுக்குக் கிடைக்கும், வெள்ளைப்புள்ளி நோய் வந்தால் ஒரு வாரத்தில் குளம் காலி, தீவனக் கடன் மட்டும் நிற்கும். 2025இல் அமெரிக்கா சுங்க வரியை ஏற்றியபோது நோயே வராத குளத்துக்கும் அடி விழுந்தது. வேறு வருமானம் இல்லாத புது ஆள் முதல் தொழிலாக இதில் இறங்கக் கூடாது. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியும், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாயும் விற்பவர்கள் சத்தமில்லாமல் பிழைக்கிறார்கள். வாடைக்காலத்திலும் விற்கும் சரக்கு அது, கடல் நாட்காட்டியோடு ஒட்டாதது.

தனி மனிதர்கள் தொழில் மாறுவது இருக்கட்டும், ஒரு கரையையே மாற்றப் பார்த்த திட்டமும் இங்கே நடந்தது. இலங்கை 2017இல், கடலடியை வாரி இழுக்கும் இழுவைமடியைத் தடை செய்து, 2018இல் எல்லை தாண்டும் படகுகளுக்கு அபராதத்தைப் பல மடங்கு ஏற்றியது. நம் பக்கம் 2017இல், பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றத் திட்டம் போட்டார்கள். படகு 80 லட்சம். மத்திய அரசு 40, மாநில அரசு 16, வங்கிக் கடன் 16, கைக்காசு 8. எழுபது சதவீதம் மானியம் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் மாறியவர்கள் இலக்கின் பக்கத்தில்கூட வரவில்லை. சாயங்காலம் போய் மறுநாள் காலை திரும்பிய ஆளை வாரக்கணக்கில் நடுக்கடலில் இருக்கச் சொன்னார்கள். தூண்டில் கயிறு வேறு, மீன் வேறு, விற்கும் சந்தை வேறு, கூட வரும் ஆட்களும் வேறு. வீட்டுக்கு வாரம் மூன்று முறை வந்த பணம் இனி மாதத்துக்கு ஒருமுறை, அதுவும் கிடைத்தால். மானியம் எவ்வளவு என்று எல்லோரும் பேசினார்கள். முதல் வருடம் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று பேசியவர் குறைவு.

சம்பளக்காரர் வெளியே வரும்போது சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். அரசு ஊழியர் ராஜினாமா செய்தால் அதுவரையிலான சேவை ஓய்வூதியக் கணக்கில் போய்விடும். அதே ஆள் 20 ஆண்டு தகுதிச் சேவை முடித்தோ 50 வயது நிறைந்தோ மூன்று மாத முன்னறிவிப்புக் கொடுத்து விருப்ப ஓய்வில் போனால் போகாது. பதினெட்டாம் வருடத்தில் கோபப்பட்டு எழுதிக் கொடுப்பவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். 2003 ஏப்ரல் 1 முதல் தமிழக அரசில் சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தின் கீழ் வந்தவர்கள். அந்த விதிகள் ஓயாமல் விவாதத்தில் இருப்பதால், எழுதும் நாளில் என்ன நிலை என்று அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. வேலையில் இருந்துகொண்டே தொழிலைச் சோதித்துப் பார்க்கலாமே என்றால், 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகள் அனுமதியின்றி வியாபாரம் செய்ய விடாது. மனைவி பெயரில் பதிவுசெய்த கடைகள் ஊர்தோறும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

தனியார் நிரந்தர வேலையில் ஐந்து வருடம் தொடர்ந்து இருந்தால் பணிக்கொடை. பி.எஃப். ஓய்வூதியத்துக்குப் பத்து வருடம். நாலரை வருடத்திலும் ஒன்பது வருடத்திலும் விட நினைப்பவர்கள் கொஞ்சம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் கேன்சலில், அதாவது வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு முதலீடே அங்கே கிடைக்கும் சேவைத் தொகைதான். அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் 30 நாள். 'அடிப்படை' என்பதைக் கவனிக்க வேண்டும். கையில் வாங்கிய சம்பளத்தில் பாதிகூடச் சிலருக்கு ஒப்பந்தத்தில் அடிப்படையாக இருக்காது. ஊருக்கு வந்து கடையை எடுத்து அட்வான்ஸ் கொடுத்த பிறகு இது தெரியவந்தவர்கள் உண்டு. மருத்துவக் காப்பீடும் வேலையோடு போய்விடும். முதலமைச்சர் காப்பீட்டுக்கு ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், சென்ற வருடம் சம்பளம் வாங்கியவருக்கு அந்தச் சான்றிதழ் உடனே கிடைக்காது.

கடன் பக்கம் மாவட்டத் தொழில் மையத்தில் கதவுகள் உண்டு. படித்த வேலையற்ற இளைஞர் திட்டத்தில் 15 லட்சம் வரையிலான தொழிலுக்கு 25 சதவீத மானியம், அதிகபட்சம் 3.75 லட்சம். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்தில் கிராமப்புறத்தில் 25 முதல் 35 சதவீதம். மானியம் என்றதும் பணம் கைக்கு வரும் என்று நினைக்க வேண்டாம். பிரதமர் திட்டத்தில் அது மூன்று வருடம் வங்கியில் வைப்பாக இருந்து, தொழில் ஓடினால் கடனில் கழியும். முதல் வாடைக்காலத்துக்கு அது சோறு போடாது. சம்பளச் சீட்டு இருக்கும்போதே தனிநபர் கடன் எடுத்து வைத்துக்கொண்டு விட்டுவிடு என்று யோசனை சொல்பவர்களும் இருக்கிறார்கள். தவணைக்குத் தேதி உண்டு, கடலுக்குக் கிடையாது. அந்த யோசனையைக் கேட்க வேண்டாம்.

கையிருப்பை இந்தக் கரையில் மாதக் கணக்கில் எண்ணாமல், ஒரு வாடைக்காலமும் ஒரு தடைக்காலமும் தாண்டுமா என்று பார்க்க வேண்டும். எந்த மாதம் வெளியே வருகிறோம் என்பதும் அதில் சேர்த்தி. பாசிக்குப் போகிறவர் தை பிறந்து கடல் அமைதியானதும் மிதவை இறக்க வேண்டும். விருப்ப ஓய்வுக்கான மூன்று மாத முன்னறிவிப்பை ஐப்பசியை ஒட்டிக் கொடுத்தால், வாடைக்காலம் முழுவதும் சம்பளத்திலேயே கழிந்துவிடும், மூங்கிலும் கயிறும் வாங்க அவகாசமும் கிடைக்கும். ராமேஸ்வரத்தில் அறை வாடகைக்கு விடப் போகிறவருக்கு இது தலைகீழ். கார்த்திகை முதல் தேதிக்குள் அறை தயாராக இருக்க வேண்டும், ஆகவே அவர் ஆடியிலேயே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.